உறுதியில் எழுதாத சாமான்கள்

நீர்வேலியில் என் சொந்தப் பெயரில் வீடு வாங்கியபோது எனக்கு முப்பத்துநாலு வயது. கலியாணம் செய்யவில்லை, செய்கிற எண்ணமும் அப்போது விட்டுப்போயிருந்தது. பன்னிரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து மிச்சம்பிடித்த சம்பளமும், தாய்வழியில் வந்த தோட்டக் காணித் துண்டொன்றை விற்ற காசும் சேர்ந்து நாலாயிரம் ரூபாய் கையில் இருந்தது. இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டொரு வருடம் முந்திய காலம். ஒரு பெண்பிள்ளை தனியாக வீடு வாங்கப் போகிறாளாம் என்று ஊரில் பலதும் கதைத்தார்கள். அந்தக் கதைகளில் ஒன்றும் இப்போது எனக்கு நினைவில்லை. அந்த வீட்டை எனக்கு விற்ற அக்காவை மட்டும் நேற்றுப் பார்த்தமாதிரி நினைவிருக்கிறது.

ஊரில் அவரை மலாயாக்கார அக்கா என்பார்கள். கணவர் மலாயாவில் ரயில் பகுதியில் வேலை பார்த்து, பென்சன் எடுத்துக்கொண்டு வந்து, வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் அந்தக் கல்வீட்டைக் கட்டினார். கட்டி நாலாம் வருடம் இறந்துபோனார். ஒரே மகள் தைப்பிங்கில் கலியாணம் முடித்து இருந்தாள். தாயைத் தன்னோடு வந்து இருக்கச் சொல்லி மூன்று வருடமாகக் கடிதம் போட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் அக்கா போவதென்று முடிவெடுத்தார். எடுத்த பிறகு அவர் பின்வாங்கவில்லை.

ஐம்பத்தைந்து வயதிருக்கும். நெடிய உருவம், விறுவிறென்ற நடை. காது மந்தம். காது கேளாதவர்கள் உரத்துக் கதைப்பதைத்தான் கண்டிருக்கிறேன், இவர் நேர்மாறு. தன் குரலைத் தாழ்த்தி, எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு மெதுவாகத்தான் பேசுவார். நாங்கள் சொல்வதை மட்டும் உரத்துச் சொல்லவேண்டும். இதனால்தான் பின்னால் வந்த வில்லங்கமெல்லாம் வந்தது.

முதல் நாளே வீடு முழுவதையும் எனக்குச் சுற்றிக்காட்டினார். விறாந்தையில் பிரம்புக் கதிரைகள், அறையில் கண்ணாடி வைத்த அலுமாரி, சலவைக்கல் போட்ட வட்டமேசை, தையல் மெசின், கிராமபோன், குசினியில் வெண்கலமும் எனாமலுமாக ஏனங்கள், பின்வளவில் ஒரு பசுவும் கன்றும். எல்லாம் பார்த்து முடிந்ததும் விலையைச் சொன்னார்.

"நாலாயிரம். சாமான் முழுக்கச் சேத்துத்தான். நான் கொண்டுபோறது ரெண்டு ரங்குப்பெட்டியும் சாமிப்படமும். மற்றதெல்லாம் உங்களுக்கு."

"ஓம் அக்கா," என்று நான் அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன். பேரம் பேசத் தோன்றவில்லை. என் கையில் இருந்த காசு எவ்வளவு என்று அவருக்கு யாரோ சொல்லியிருப்பார்களோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லவேண்டும். எங்கள் பகுதி வழமைப்படி, காணியில் பங்குள்ள ஒருவருக்கு முதலில் சொல்லாமல் அதை வெளியாளுக்கு விற்கக்கூடாது. அவர் அதே விலைக்குத் தானே எடுக்கிறேன் என்றால் அவருக்குத்தான் கொடுக்கவேண்டும். அக்காவின் கணவருடைய தம்பி பக்கத்து வளவில் குடியிருந்தார். இரண்டு வீட்டுக்கும் கிணறு ஒன்று. கிணற்றிலும் அதற்குப் போகிற ஒழுங்கையிலும் அவருக்குப் பாதிப் பங்கு. என்னிடம் விலை சொல்வதற்கு முன்பே அக்கா ஊர்த் தலைமைக்காரரான விதானையாரைக் கூட்டிக்கொண்டுபோய், அவருக்கு முன்னால் மைத்துனரிடம் கேட்டிருக்கிறார். வீடும் சாமானுமாக நாலாயிரம் என்று சொல்லியிருக்கிறார். "நாலாயிரமோ? எனக்கு வேண்டாம் மச்சாள்," என்று அவர் கையை விரித்துவிட்டாராம்.

அப்போது நான் உடுவிலில் அண்ணையின் குடும்பத்தோடு இருந்தேன். அண்ணை பட்டணத்தில் வழக்குப் பேசுகிற ஓர் அப்புக்காத்தின் கந்தோரில் எழுத்தர். காணி, உறுதிப் பத்திரம், வழக்கு என்றால் அவருக்குத் தெரியாதது இல்லை. நான் அவரைக் கேளாமல் ஓம் என்று சொன்னதில் கோபம். அன்று பின்னேரம் முழுவதும் முகம் தரவில்லை. இரவு சாப்பிட உட்கார்ந்தபோது திடீரென்று முகம் மலர்ந்தது.

"சாமானும் சேத்து எண்டவவோ?"

"ஓம்."

"அப்ப நல்லது. உறுதிக்கு முத்திரை ஒட்டுறது காணிக்கும் வீட்டுக்கும் மட்டுந்தான். விலை கூடக்கூட முத்திரைச் செலவும் கூடும். கதிரைக்கும் கட்டிலுக்கும் ஆர் முத்திரை ஒட்டுறது? அதுகளைத் தனியாய் ஒரு பற்றுச்சீட்டு எழுதி வாங்கினால் காணும். உறுதியிலை வீட்டின்ரை விலையை மட்டும் போடுவம்."

"அப்பிடிச் செய்யலாமோ அண்ணை?"

"சட்டப்படி செய்யலாம். எங்கடை கந்தோரிலை எத்தினை பேருக்குச் செய்திருக்கிறம்."

இதில் பிழை ஒன்றும் எனக்குத் தெரியவில்லை, பிழையும் இல்லை. ஆனால் அண்ணை அதோடு நிற்கவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே, சாமான் இரண்டாயிரம், வீடு இரண்டாயிரம் என்று பாதிக்குப் பாதி பிரித்துவிட்டால் முத்திரைச் செலவு அரைவாசியாகப் போய்விடும் என்றார். அந்தச் சாமான் இரண்டாயிரம் பெறாது என்று எனக்குத் தெரியும். என்றாலும் நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக் காசைக் கொடுத்தபின் எனக்குக் கையில் எதுவும் மிஞ்சாது. முத்திரைச் செலவுக்கே எங்கே கைமாற்று வாங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்த எனக்கு அண்ணை சொன்னது இனித்தது. அதை மறைத்துப் பயனில்லை.

சனிக்கிழமை காலை இருவரும் நீர்வேலிக்குப் போனோம். அக்கா குசினி விறாந்தையில் எங்களை இருத்தித் தேத்தண்ணி தந்தார். அங்கிருந்து பார்த்தால் கிணறு தெரியும். அண்ணை கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டுக்கொண்டு, இரகசியம் சொல்லும் குரலில் விஷயத்தைத் தொடங்கினார்.

"கேக்கேல்லைத் தம்பி. உரத்துச் சொல்லுங்கோ," என்றார் அக்கா.

அண்ணை சற்றே குரலை உயர்த்தினார். அதுவும் கேட்கவில்லை. மூன்றாம் தரம் வேறு வழியில்லாமல் தொண்டையைத் திறந்தார்.

"சாமானுக்கு ரெண்டாயிரம், வீட்டுக்கு ரெண்டாயிரம்! உறுதியிலை ரெண்டாயிரந்தான் எழுதவேணும்!"

கிணற்றடியில் துலா ஏறி இறங்கும் சத்தம் நின்றது. வேலிக்கப்பால் மைத்துனர் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்திருக்கிறார். அப்போது நாங்கள் அதைக் கவனிக்கவில்லை.

 அக்கா தன் வழக்கமான தாழ்ந்த குரலில், "பிரிச்சு எழுதுறது நல்ல யோசினை தம்பி. அது இந்தப் பிள்ளைக்கு உதவியாய் இருக்கும். பாதி எண்டதுதான் பிழை. என்ரை சாமான் அவ்வளவு பெறாது," என்றார்.

"பெறாட்டில் என்ன அக்கா? உங்களுக்கு வாற காசு வரத்தானே போகுது!"

"எனக்கு வரும். அதுக்காகச் சொல்லேல்லை. நொத்தாரிசு ஐயாவைக் கேப்பம்."

அந்தப் பதில் கிணற்றடி வரைக்கும் போயிருக்காது. அண்ணை கத்தியதுதான் போனது.

உறுதி எழுதி முடிக்கிற நொத்தாரிசு அச்சுவேலியில் இருந்தார், அன்றே மூவரும் போனோம். மெலிந்த மனிதர். வீட்டு முன்விறாந்தையில் ஒரு மேசை, மையும் பேனையும், சுவரோரம் உட்கார நீள வாங்கு ஒன்று, அவ்வளவுதான் அவருடைய கந்தோர். அண்ணை சொன்னதைக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

"சாமானைப் பிரிக்கலாம். குற்றமில்லை. ஆனால் ஒவ்வொண்டாய் எழுதவேணும், உள்ள பெறுமதியைப் போடவேணும். மொத்தமாய் 'தளவாடங்கள் ரெண்டாயிரம்' எண்டு எழுதிக்கொண்டு வந்தால் நான் உறுதி முடிக்கமாட்டன்."

"எது சாமான், எது வீடு எண்டு எப்பிடிப் பிரிக்கிறது ஐயா?" என்று அக்கா கேட்டார்.

"தூக்கேக்கை வீட்டுக்கோ நிலத்துக்கோ காயம் வருமெண்டால் அது வீட்டைச் சேந்தது. காயமில்லாமல் கையோடை வருமெண்டால் அது சாமான்."

"மாடு?"

நொத்தாரிசுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது கட்டையையும் இழுத்துக்கொண்டு வரும். சாமான்தான்."

"வாழை?"

"நிக்கிற வாழை காணியோடை. வெட்டிவைச்ச குலை சாமான்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா என்னிடம் குனிந்து, "நாளைக்குப் பள்ளிக்கூடமில்லைத்தானே? கொப்பியும் பென்சிலும் கொண்டு வாங்கோ," என்றார்.

அந்தப் பட்டியலை எழுத ஒரு ஞாயிறும் இரண்டு பின்னேரமும் பிடித்தன. நான் கொப்பியோடு பின்னால் போக, அக்கா ஒவ்வொரு அறையாக, ஒவ்வொரு மூலையாக நடந்தார். நொத்தாரிசு சொன்ன சொல்லை அவர் பிடித்துக்கொண்ட விதத்தைப் பார்த்து நான் ஆச்சரியப்பட்டேன். சட்டம் படித்தவர்களுக்கும் அவ்வளவு தெளிவு வராது. ஊஞ்சலடியில் நின்று முகட்டு வளையைப் பார்த்தார். "வளையிலை அடிச்ச கொளுக்கி வீட்டோடை. பலகையும் சங்கிலியும் எழுதுங்கோ." சுவருக்குள் கட்டிய தட்டுகளைத் தடவிப் பார்த்து, "இது வீடு," என்று கடந்து போனார். பின்விறாந்தையில் நிலத்தில் பதித்த உரல் ஒன்று இருந்தது. அதன் விளிம்பைப் பிடித்து ஒரு தரம் அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. "வேண்டாம். இது நிலம். உலக்கையை மட்டும் எழுதுங்கோ."

ஆனால் என்னை உண்மையில் அசத்தியது அவர் பெறுமதி சொன்ன விதம். ஒவ்வொரு சாமானிலும் முதலில் அதன் குறையைத்தான் சொல்வார். அலுமாரியின் கீழ் இழுப்பு லாச்சி மழைகாலத்தில் இறுகும். வட்டமேசைக் கல்லில் அடிப்பக்கம் ஒரு கீறல். மேசையைச் சரித்து எனக்குக் காட்டிவிட்டுத்தான் விலை சொன்னார். கிராமபோனின் வில் ஒரு தரம் அறுந்து பட்டணத்தில் மாற்றியது. "அவர் உயிரோடை இருந்தால் இதுக்கு ஆயிரம் சொல்லுவார். நான் முப்பது சொல்லுறன்," என்று சிரித்தார். அந்தப் பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மெல்ல மூடினார். அவ்வளவுதான், அடுத்த சாமானுக்கு நடந்தார். கணவரோடு இருபத்தெட்டு வருடம் சேர்த்த பொருள்களை இன்னொருத்திக்குக் கொடுக்க எழுதுகிறோம் என்ற வருத்தம் அவருக்கு இல்லாமலிருக்காது. அதை ஒரு ரூபாயாகக்கூட அவர் எந்தச் சாமானின் விலையிலும் ஏற்றவில்லை.

தையல் மெசினுக்கு வந்தபோது என் மனம் தடுமாறியது. மொத்தக் காசு நாலாயிரத்தில் மாற்றமில்லை. சாமானின் பெறுமதி கூடினால் உறுதியில் வீட்டின் விலை குறையும், எனக்கு முத்திரைச் செலவும் குறையும். மெசின் பளபளவென்று இருந்தது.

"இதுக்குக் கொஞ்சம் கூட்டிப் போட்டால் என்ன அக்கா?" என்று கேட்டேன். அவர் தனக்குக் கேட்கவில்லை என்று நடித்திருக்கலாம். நடிக்கவில்லை.

"அச்சுவேலியிலை நாளைக்கு இதை வித்தால் என்ன தருவினம்? அதைத்தான் எழுதலாம்," என்றார். பிறகு என் முகம் வாடியதைக் கண்டிருக்கவேண்டும். "நான் போயிடுவன் பிள்ளை. இந்தக் கடதாசி உங்களோடைதான் இருக்கப்போகுது."

அப்போது அவர் சொன்னதன் முழு அர்த்தமும் எனக்கு விளங்கவில்லை. வெட்கமாக இருந்தது. அவர் சொன்ன தொகையை எழுதினேன்.

எல்லாம் கூட்டிப் பார்த்தபோது அறுநூற்று நாற்பது ரூபாய் வந்தது. அண்ணையிடம் காட்டினேன். பட்டியலை வரிவரியாகப் படித்துவிட்டு, "சரியான பைத்தியம், விசர் மனுசி," என்று கொப்பியை மேசையில் போட்டார். அடுத்த வாரம் வீட்டுக்கு மூவாயிரத்து முந்நூற்று அறுபது என்று நொத்தாரிசு உறுதி முடித்தார். சாமானுக்குத் தனிப் பற்றுச்சீட்டில் அக்கா கையெழுத்து வைத்தார். அண்ணை ஆசைப்பட்ட அளவுக்கு இல்லாவிட்டாலும், பிரித்ததால் எனக்கு முத்திரைச் செலவில் கொஞ்சம் மிஞ்சியது. கப்பல் புறப்பட ஒன்றரை மாதம் இருந்ததால் அதுவரைக்கும் அக்கா அந்த வீட்டிலேயே இருக்கட்டும் என்றேன். நானும் என் பெட்டியோடு அங்கே வந்துவிட்டேன்.

வந்து பத்து நாள் இருக்கும். ஒரு காலை, நான் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தேன். படலையைத் திறந்துகொண்டு மைத்துனர் வந்தார். கூடவே விதானையார். மைத்துனர் தோட்டம் செய்கிற கமக்காரர், கட்டையான, பலமான ஆள். மடியில் ஏதோ கட்டி வைத்திருந்தார். முற்றத்தில் நின்றபடியே தொடங்கினார்.

"மச்சாள், எனக்கு நாலாயிரம் எண்டு சொல்லிப்போட்டு, உறுதியிலை ரெண்டாயிரத்துக்கு முடிச்சிருக்கிறியள். உறுதி விலைக்கு எடுக்கிற உரித்து எனக்குத்தான் முதல். காசோடை வந்திருக்கிறன்."

 ஒரு நொடியில் எல்லாம் விளங்கியது. அண்ணை சொன்னபடி எழுதியிருந்தால், இந்த மனிதர் இரண்டாயிரத்தை என் கையில் தந்துவிட்டு வீட்டை எடுத்திருப்பார். அக்காவுக்கு ஒரு சதமும் நட்டமில்லை. நாலாயிரத்தையும் வாங்கிவிட்டார், அடுத்த மாதம் கப்பலேறிவிடுவார். நான்தான் அறுநூறு ரூபாய்ச் சாமானை இரண்டாயிரத்துக்கு வாங்கி வைத்துக்கொண்டு, வீடும் இல்லாமல் நின்றிருப்பேன். பன்னிரண்டு வருட உழைப்பு முற்றத்திலேயே கரைந்திருக்கும்.

மைத்துனர் சொன்னதை நான் உரத்துச் சொல்ல, அக்கா காதைத் திருப்பிக் கேட்டுவிட்டு, "உறுதியை எடுத்து வாங்கோ பிள்ளை," என்றார். குரலில் ஒரு பதற்றமும் இல்லை.

அலுமாரியிலிருந்து உறுதியை எடுத்துவந்து விதானையாரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். "தம்பி, இதிலை மூவாயிரத்து முந்நூற்று அறுபது எண்டல்லோ கிடக்கு. ரெண்டாயிரம் எண்டு ஆர் உனக்குச் சொன்னது?"

"நான் என்ரை காதாலை கேட்டன்! அந்தத் தமையன்காரன் குசினியடியிலை நிண்டு கத்தினது அந்தக் கிணத்தடிக்குக் கேட்டது!"

"அவர் கேட்டவர்," என்றார் அக்கா. "நான் மாட்டன் எண்டனான். அது உமக்குக் கேக்கேல்லைப் போலை."

 ஆனால் மைத்துனர் வெறுங்கையோடு போக விரும்பவில்லை. மிச்சம் அறுநூற்று நாற்பது எங்கே போனது என்று கேட்டார். சாமானுக்கு என்றதும், அந்தப் பழஞ்சாமான் இருநூறும் பெறாது, மிச்சம் வீட்டின் விலையை மறைப்பதற்காக ஏற்றிய பொய்க்கணக்கு என்றார். அப்படிப் பொய் எழுதியிருந்தால் வழக்குப் போடப்போவதாகவும் சொன்னார். விதானையார் என்னையும் அக்காவையும் மாறிமாறிப் பார்த்தார்.

"சாமானைப் பாப்பம்," என்றார் அக்கா. "எல்லாத்தையும் முத்தத்துக்குக் கொண்டுவருவம். விலை தெரிஞ்ச ஆக்களைக் கூப்பிடுங்கோ. அவை சொல்லட்டும்."

அன்று நான் பள்ளிக்கூடம் போகவில்லை. விதானையார் ஒரு தச்சரையும், அச்சுவேலியில் பழஞ்சாமான் வாங்கி விற்கிற முதலாளி ஒருவரையும் அழைப்பித்தார். மத்தியானத்துக்குள் வீட்டின் வயிறு முழுக்க முற்றத்தில் வெயிலில் கிடந்தது. அலுமாரியை நாலு பேர் தூக்கினார்கள். மைத்துனரும் ஒரு பக்கம் பிடித்தார். கதிரைகள், கட்டில்கள், ஏனங்கள், சங்கிலியும் ஊஞ்சல் பலகையும், பசுவும் கன்றும். வேலி நீளத்துக்கு ஊர்ச்சனம் வந்து நின்றது. எந்த வீட்டுப் பெண்ணுக்கும் தன் வீட்டுச் சாமான் இப்படித் தெருவார் பார்க்கக் கிடப்பது கூச்சமாகத்தான் இருக்கும். நான் குறுகிப்போனேன். அக்கா பட்டியல் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, தன் வீட்டில் விருந்து நடக்கிறமாதிரி நடுவில் நிமிர்ந்து நின்றார்.

இரண்டு பேரும் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தங்கள் விலையைச் சொன்னார்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் அக்கா என்னிடம் செய்தமாதிரியே குறையை எடுத்துச் சொன்னார். "லாச்சி இறுகும், இழுத்துப் பாருங்கோ. கல்லிலை கீறல், சரிச்சுப் பாருங்கோ." முதலாளிக்கு அது விளங்கவே இல்லை. "என்ன அம்மா, விக்கிற ஆள் இப்பிடிச் சொன்னால் நாங்கள் என்ன செய்யிறது?" என்று தலையைச் சொறிந்தார். வேலியில் நின்ற சனம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் இருந்தது மதிப்புத்தான்.

விதானையார் கூட்டினார். இரண்டாம் தரமும் கூட்டினார். எழுநூற்று ஐந்து ரூபாய்.

"இவ எழுதினதைவிட அறுபத்தைஞ்சு ரூபாய் கூட," என்றார். பிறகு மைத்துனர் பக்கம் திரும்பினார். "உன்ரை நியாயப்படி பாத்தால் வீட்டின்ரை விலை இன்னும் அறுபத்தைஞ்சு ரூபாய் குறைவு. மூவாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றைஞ்சு. கொண்டு வந்தனியோ?"

மைத்துனர் மடியைத் தொட்டுப் பார்த்தார். அவரிடம் இருந்தது இரண்டாயிரந்தான். அதிலும் பாதி கடன்பட்டது என்று பின்னால் தெரிந்தது. தலையைக் குனிந்தார். யாரும் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அக்கா அவரிடம் போய் ஏதோ சொன்னார். வழக்கமான குரல், எனக்குக்கூடக் கேட்கவில்லை. அவர் ஓம் என்று தலையாட்டினார். பிறகு அலுமாரியின் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கத் தொடங்கினார். பொழுதுபடுமுன் எல்லாச் சாமானும் உள்ளே போய்விட்டன.

அன்று இரவு அக்காவிடம் கேட்டேன். "அவர் வருவார் எண்டு உங்களுக்கு முந்தியே தெரியுமோ அக்கா?"

"முப்பது வரியமாய்த் தெரிஞ்ச ஆள். வந்தாலும் வரலாம் எண்டு நினைச்சனான்."

"அதுக்காகத்தானோ அப்பிடி எழுதினியள்?"

அவர் யோசித்தார். "அதுவும் ஒண்டு. வராட்டிலும் இதைத்தான் எழுதியிருப்பன். இல்லாத விலையைச் சொல்ல எனக்கு வராது பிள்ளை. என்ரை மனுசனோடை கடைக்குப் போனாலும் இப்பிடித்தான். அவருக்கு வெக்கமாய்ப் போயிடும்." சொல்லிவிட்டுத் தனக்குள் சிரித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணை வந்தார். நடந்ததை நான் சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்தது. எத்தனையோ உறுதிகளை எழுதிக் கொடுத்தவர். தங்கையின் வீட்டுக்குத் தானே குழி வெட்டப்பார்த்ததை நினைத்துத் திகைத்துப்போனார். நேரே அக்காவிடம் போய் நின்றார்.

"அக்கா, நான் அண்டைக்கு உங்களை விசர் மனுசி எண்டு சொன்னனான்," என்றார்.

"கேக்கேல்லைத் தம்பி."

அண்ணை மூச்சை இழுத்துவிட்டு, அயலெல்லாம் கேட்க, உரத்த குரலில் அதைத் திரும்பச் சொன்னார். மன்னிக்கச் சொல்லியும் கேட்டார். அக்கா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். முதல் தரமே அவருக்குக் கேட்டதோ என்ற சந்தேகம் எனக்கு இன்றைக்கும் உண்டு. அண்ணையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும்: அதன்பின் கந்தோருக்கு வருகிறவர்களுக்கு இந்தக் கதையைத் தன்னை ஒளிக்காமல் சொல்லி, சாமானைப் பிரிப்பதானால் உள்ள விலைக்குப் பிரியுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா புறப்பட்ட நாளில் வாடகைக் கார் பேசி வைத்திருந்தோம். விடியற்காலையில் படலையடியில் மாட்டு வண்டியின் மணிச்சத்தம் கேட்டது. மைத்துனர் தன் வண்டியைப் பூட்டிக்கொண்டு வந்து நின்றார். "ஸ்டேசனுக்கு நான் கொண்டுபோய் விடுறன் மச்சாள்," என்றார். அக்கா காரைத் திருப்பி அனுப்பச் சொன்னார். ரங்குப்பெட்டி இரண்டையும் மைத்துனரே ஏற்றினார். நானும் வண்டியில் ஏறிப் பட்டணத்து ஸ்டேசன் வரைக்கும் போனேன். ரயில் வந்தபோது மைத்துனர் பனம்பழத்துப் பனாட்டும் பனங்கிழங்கு ஒடியலும் கட்டிய ஓலைப்பெட்டி ஒன்றை யன்னலால் நீட்டினார். அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்துக் கையசைத்தார். ரயில் போன பிறகு மைத்துனர் கொஞ்சநேரம் அங்கேயே நின்றார்.

தைப்பிங்கிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒரு கடிதம் வரும். மகளின் வீடு நல்ல வீடு, பேரப்பிள்ளைகள் தன்னோடு கதைக்கும்போது உரத்துக் கதைத்துப் பழகிவிட்டார்கள், மழை எந்நேரமும் பெய்கிறது என்று எழுதுவார். ஒவ்வொரு கடிதத்திலும் மைத்துனரின் குடும்பத்தைச் சுகம் விசாரித்திருப்பார். நான் அந்த வரிகளை வேலிக்கருகில் நின்று வாசித்துக் காட்டுவேன்.

ஒரு நாள் மைத்துனரே என்னைத் தேடி விறாந்தைக்கு வந்தார். தோளில் போட்டிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ரீச்சர், மச்சாளுக்குக் கடிதம் போடேக்கை எனக்காண்டியும் ரெண்டு வரி எழுதுவியளோ? மூத்தவளுக்குக் கலியாணம் சரி வந்திருக்கு. பங்குனியிலை. மச்சாள் இஞ்சை இருந்தால் நல்லாய் இருந்திருக்கும் எண்டு எழுதுங்கோ."

கதிரையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னேன். பேனையை எடுத்து, அவர் சொன்னபடியே எழுதினேன்.